உலர் கருந்திராட்சை: மலம் இறுகும் குழந்தைக்கு எந்த அளவுக்கு உதவும்?

குழந்தைக்கு மலச்சிக்கல் என்றதும் சூரண டப்பாவைத் தேட வேண்டாம். ஆயுர்வேத உணவுமுறையில் முதலில் எடுக்க வேண்டியது உலர் கருந்திராட்சைதான். விரேசனத்துக்கு, அதாவது பேதியாக்கி வயிற்றைச் சுத்தப்படுத்தும் சிகிச்சைக்கு, துணைநிற்கும் 10 பொருள்களைப் பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை அடுக்கும்போது திராட்சையில்தான் தொடங்குகிறது. ஆயுர்வேதம் சொல்லும் மூன்று தோஷங்களில் ஒன்றான வாதத்தின் இருப்பிடம் பெருங்குடல். அங்கே வறட்சி கூடினால் மலம் உருண்டை உருண்டையாக இறுகும். இனிப்பும் பசையும் உள்ள திராட்சை அந்த வறட்சியைத் தணிக்கும் என்பது கணக்கு.

பாக்கெட்டில் திராட்சையோடு சர்க்கரை எதுவும் சேர்ந்திருக்கக் கூடாது. பொன்னிற வகை வேண்டாம். நிறம் மங்காமலிருக்கக் கந்தக டை ஆக்சைடு போடுவதுண்டு, ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அது இழுப்பைக் கிளப்பலாம். எண்ணெய்ப் பளபளப்பு இருந்தால் வெதுவெதுப்பான நீரில் அலசினால் போதும்.

2 வயதைத் தாண்டிய குழந்தைக்கு 8 பழம், 100 மில்லி கொதித்து ஆறிய நீர். இரவு முழுக்க மூடி, ஃபிரிட்ஜில் ஊறட்டும். வெளியே வைத்தால் வெயில் நாளில் புளித்துவிடும். காலையில் தண்ணீர் பழுப்பேறி, பழம் உப்பியிருக்கும். விதையை எடுத்துவிட்டு அதே நீரிலேயே நன்றாக மசித்து, லேசாகச் சூடாக்கிக் கொடுங்கள். பலர் தவறுவது இங்கேதான்: தண்ணீரை மட்டும் வடித்துக் கொடுத்துவிட்டு, நார்ச்சத்துள்ள சக்கையை எறிந்துவிடுகிறார்கள். உலர்ந்த பழத்தை அப்படியே மெல்லக் கொடுப்பதும் சரியல்ல. 4 வயதுக்குக் கீழே தொண்டையில் அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு.

காலை உணவு முடிந்த அரை மணிக்குள், பாதத்துக்கு முக்காலி வைத்து 5 நிமிடம் கழிப்பறையில் உட்காரவைக்க வேண்டும். சாப்பிட்டதும் குடல் தானாக அசையும் நேரம் அது. ஒரே நாளில் பலன் தேடி 25 பழம் கொடுத்தால் வயிற்றுப்பொருமலும் பேதியும்தான் மிஞ்சும். நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடிக்கும் பிள்ளைக்கு, பாலைக் குறைக்காமல் திராட்சை மட்டும் கொடுத்துப் பயனில்லை.

வலிக்குப் பயந்து மலத்தை அடக்கும் பிள்ளைக்கு இது போதாது. உள்ளே தேங்கிய கட்டிமலத்தைச் சுற்றிக்கொண்டு இளகிய மலம் தண்ணீராகக் கசிந்து உள்ளாடையில் படும். அதைப் பேதி என்று நினைத்துத் திராட்சையை நிறுத்திவிடுவார்கள். அந்த நிலையில் அடைப்பை நீக்க மருத்துவரின் மருந்து வேண்டும். பேதிக்கான மூலிகையான நிலாவாரை கலந்த சூரணத்தை மருத்துவரைக் கேட்காமல் நீங்களாகக் கொடுத்தால் வயிறு முறுக்கி வலிக்கும், பிள்ளை இன்னும் அடக்கும். மலத்தில் ரத்தம், பச்சை வாந்தி, வயிறு உப்பல், எடை குறைதல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையானாலும், நேராகக் குழந்தை மருத்துவரிடம் போங்கள்.