நிர்வாக சேவை வகுப்பு: எதற்குக் காசு கட்டலாம்?

மட்டக்களப்பு நகரில் சனி, ஞாயிறுகளில் நடக்கும் இலங்கை நிர்வாக சேவைப் பரீட்சை வகுப்புகளில் ஒன்று இது. ஏறாவூர், வாழைச்சேனை, களுவாஞ்சிக்குடி, கல்முனைப் பக்கமிருந்து வருகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள்; அநேகமாக அபிவிருத்தி உத்தியோகத்தர்கள்.

கட்டிய காசுக்குப் பெறுமதி சுருக்கம் எழுதும் பாடம்தான். பந்தியை மூன்றிலொன்றாக்கி, சொற்களை எண்ணி ஓரத்தில் குறிக்க வேண்டும். உதாரணங்களை வெட்டிய பிறகும் சொல் கூடினால் கந்தோர்த் தமிழில் கை வைக்கச் சொல்கிறார் ஆசிரியர். ‘விநியோக நடவடிக்கைகள் மேற்கொள்ளப்பட்டு வருகின்றன’ என்ற நாலு சொல் ‘விநியோகிக்கின்றனர்’ என்று ஒன்றாகிவிடும். வருடக்கணக்காகக் கடிதம் வரைந்த கைக்கு இதுதான் லேசில் வராது.

நுண்ணறிவுப் பாடத்துக்கு வெறும் கடந்தகால வினாத்தாள். அதை வீட்டிலிருந்தே செய்யலாம்.

பொது அறிவுக்குக் கொடுக்கும் டியூட்டில் (அச்சடித்த குறிப்பில்)தான் பிழை. உயர்பதவி வகித்த பெண்கள் என்ற பக்கத்தில், திருமதி பி.எஸ்.எம். சார்ள்ஸ் வவுனியா அரசாங்க அதிபர், மட்டக்களப்பு அரசாங்க அதிபர், சுங்கப் பணிப்பாளர் நாயகம், வட மாகாண ஆளுநர் என்று அம்புக்குறி போட்டு ஏறுகிறார். பதவிகள் சரி, அம்புக்குறி பிழை. நிர்வாக சேவைக்குள் இருக்கும் படிகள் தரம் 3, 2, 1, விசேட தரம் அவ்வளவுதான். அரசாங்க அதிபரையும், சுங்கப் பணிப்பாளர் நாயகம் போன்ற திணைக்களத் தலைவரையும் நியமிப்பது அமைச்சரவை. ஆளுநர் பதவி உயர்வே அல்ல, ஜனாதிபதியின் நேரடி நியமனம். சார்ள்ஸ் 2019 டிசம்பரில் ஆளுநரானார், 2021இல் மாற்றப்பட்டார், 2023 மேயில் திரும்ப வந்தார், 2024 செப்டம்பரில் ஜனாதிபதி மாறியதும் விலகினார். யார் நியமிக்கிறார் என்பதைச் சொல்லாமல் ஆண்டை மட்டும் பாடமாக்கி என்ன பலன்?

விண்ணப்பம் பற்றி வகுப்பில் ஒரு சொல்லும் இல்லை. ஆட்கள் விழுகிற இடமே அதுதான். பட்டம் செல்லுபடியாகத் தொடங்கும் திகதி விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முந்தியிருக்க வேண்டும். பட்டமளிப்பு விழாத் திகதியைப் போடக் கூடாது. கலியாணத்துக்குப் பிறகு அடையாள அட்டையில் பெயர் மாற்றியவர்கள் விவாகச் சான்றிதழை இப்போதே எடுத்து வையுங்கள், பட்டச் சான்றிதழில் பழைய பெயர்தான் இருக்கும். மொழிமூலத்தைப் பிறகு மாற்ற முடியாது. ஏற்கெனவே அரச சேவையில் இருப்பவர்களுக்கான மட்டுப்படுத்தப்பட்ட பரீட்சை என்றால் விண்ணப்பம் திணைக்களத் தலைவர் ஊடாகப் போக வேண்டும். கோப்பு மேசையில் கிடக்கும் நாளையும் கணக்குப் பண்ணுங்கள். நியமனம் நாடளாவியது. சிங்களத்தைப் பிறகு பார்ப்போம் என்று விட்டவர்கள் தகுதிகாண் காலத்தில் திண்டாடுவார்கள்.

ஞாயிறு வகுப்பு முடிய ஐந்தரையாகும். சுருக்கம் திருத்துவது கடைசி அரை மணித்தியாலத்தில். வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து வரும் பிள்ளைகள் பஸ்ஸுக்கு எழும்புவதும் அப்போதுதான். திருத்துவதை முன்னுக்கு எடுப்பார்களா என்று கேட்டுவிட்டுக் காசைக் கட்டுங்கள்.