முத்திரையில் மட்டும் மரைன்: படகுக்குப் பிளைவுட் வாங்குவோர் கவனத்துக்கு

வீட்டிலேயே படகு கட்ட முனைவோர் முதல் ஷீட்டில் ரம்பம் வைப்பதற்கு முன் படித்துவிட வேண்டும் என்பதற்காக, எனக்கு நேர்ந்ததை இங்கே எழுதுகிறேன்.

ஜேம்ஸ் வாரம் (James Wharram) என்பவர் வடிவமைத்த டீக்கி 21 என்னும் கட்டமரானின், அதாவது இரட்டை உடல் படகின், வரைபடங்களை வாங்கி, புதுச்சேரிக்கு அருகில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் வேலையைத் தொடங்கினேன். 21 அடி நீளமே உள்ள படகுதான் என்றாலும், ரோரி மெக்டூகல் 1990களில் இதே வகைப் படகில் உலகைச் சுற்றி வந்திருக்கிறார். பிளைவுட் பலகைகளைக் கம்பியால் தைத்து, மூட்டுகளை எபாக்சி என்னும் இறுகும் பிசினால் நிரப்பி, ஹல்கள் எனப்படும் படகு உடல்கள் இரண்டைச் செய்து, அவற்றைக் குறுக்குச் சட்டங்களோடு கயிற்றால் பிணைக்க வேண்டும். (கட்டுமரத்திடம் பெயர் வாங்கிய படகில் இன்னும் கட்டு மிச்சமிருக்கிறது என்பதில் எனக்கொரு மகிழ்ச்சி.) கயிறு நைந்தால் கண்ணுக்குத் தெரியும், அவிழ்த்து மறுபடி கட்டலாம், பிளைவுட்டுக்குள் இருக்கும் பசையை யாரும் பார்க்க முடியாது. நான் ஏமாந்தது அந்தப் பசையில்தான்.

சென்னையில் ஒரு மொத்த வியாபாரியிடம் 6 மி.மீ. ஷீட்டுகள் 24 வாங்கினேன். ஒவ்வொன்றிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ‘ஐ.எஸ். 710’ என்ற எண்ணும் இருந்தன. படகுக்கு ஏற்ற ‘மரைன்’ பிளைவுட்டுக்கான இந்தியத் தரநிலை அதுவே. அதன்படி, 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் அடுக்குகள் பிரியக்கூடாது. போக்குவரத்து நீங்கலாக 54,000 ரூபாய் கொடுத்தேன்.

ஒரு ஹல்லைத் தைத்து, மூட்டுகளையும் ஒட்டி முடித்திருந்த நேரத்தில் பருவமழை வந்தது. கொட்டகையின் ஒழுகலில் ஒரு வாரம் கிடந்த வெட்டுத்துண்டு ஒன்று, நனைந்த நோட்டுப் புத்தகம்போல் விரிந்து கிடந்தது. மனம் கேளாமல், ஐந்து ஷீட்டுகளிலிருந்து துண்டுகளை வெட்டி, வீட்டில் உள்ளவர்கள் முகம் சுளிக்கச் சமையலறையிலேயே கொதிக்க வைத்தேன். நான்கு மணி நேரத்துக்குள் ஐந்தும் பிரிந்துவிட்டன. வெட்டிய ஓரங்களைப் பிறகு உற்றுப் பார்த்தபோது, நடு அடுக்குகளில் பென்சில் முனை நுழையும் அளவுக்கு இடைவெளிகள் இருந்ததும் தெரிந்தது. முத்திரையின் கீழிருந்த சி.எம்./எல். என்னும் உரிம எண்ணை, அந்த முத்திரையை வழங்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டுப் பார்த்தேன். அந்த உரிமம் வேறொரு நிறுவனத்துக்கு, ஐ.எஸ். 303 என்ற சாதாரணப் பிளைவுட்டுக்காக வழங்கப்பட்டது. ஐந்து நிமிடம்கூட ஆகாத இந்தச் சோதனையைக் கடை வாசலிலேயே செய்திருக்கலாம்.

வியாபாரியோ, “தண்ணி படுற இடம்னுதானே சார் கேட்டீங்க? கிச்சனுக்கு எல்லாரும் இதைத்தான் எடுத்துட்டுப் போறாங்க” என்றார். பில்லை எடுத்துப் பார்த்தால் ‘பிளைவுட் 6 எம்.எம்.’ என்று மட்டுமே இருந்தது; தரநிலையோ ‘மரைன்’ என்ற சொல்லோ எங்கும் இல்லை. பணம் கொடுக்கும்போது அதை நான் கவனிக்கவில்லை, அவர் கவனித்துத்தான் எழுதியிருக்கிறார்.

எபாக்சி பூசிக் கண்ணாடியிழைத் துணியும் ஒட்டிவிட்டால் தண்ணீர் எப்படி உள்ளே போகும் என்று நண்பர்கள் சமாதானம் சொன்னார்கள். ஆனால் கரையில் ஏற்றும்போது மணலில் ஒரு கீறல், திருகாணித் துளை ஒன்றில் சிறு விரிசல் போதும். உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியின்றி அடுக்கடுக்காகப் பரவும், வெளிப்பூச்சு பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே பலகை பிரிந்துகொண்டிருக்கும். நடுக்கடலில் அதைக் கண்டுபிடிக்க எனக்கு விருப்பமில்லை. ஒட்டிய ஹல்லைப் பிரித்து எபாக்சியை மீட்கவும் வழியில்லை என்பதால், ரெசினும் ஹார்ட்னரும் மூன்று மாத உழைப்பும் பிளைவுட்டோடு சேர்ந்தே போயின.

முத்திரையைத் தவறாகப் பயன்படுத்தியதைப் பற்றி அதே செயலியில் புகார் அளித்துவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இலும் பதிவு செய்திருக்கிறேன். பணம் திரும்பாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்வேன். அதற்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பிரிந்த துண்டுகளையும் முத்திரை உள்ள ஓரங்களையும் தேதி எழுதிப் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

இப்போது வேறு இடத்தில் ஒரே ஒரு ஷீட் மட்டும் வாங்கி, பில்லில் ‘ஐ.எஸ். 710’ என்று எழுதச் சொல்லி, உரிம எண்ணையும் சரிபார்த்து எடுத்து வந்திருக்கிறேன். அதன் துண்டு ஒன்று நேற்றிலிருந்து அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கிறது. 72 மணி நேரம் முடிந்த பிறகே மீதி ஷீட்டுகளுக்குப் பணம் கட்டுவேன்.