சென்னை சென்ட்ரல் பக்கம் அல்லிக்குளம் காம்ப்ளெக்ஸ்ல பழைய எல்பி (இசைத்தட்டு) கடை, ராக் பிரியர்கள் போலாமா?
எம்எஸ்வி, ராஜா தட்டுக்கு நடுவுல தோண்டுனா ராக்கும் சிக்குது பாஸ், தூசி அலர்ஜின்னா மாஸ்க் போட்டுக்கங்க. நான் அள்ளுனது பிரிட்டிஷ் ராக் பேண்ட் தி ஹூவோட 'லைவ் அட் லீட்ஸ்' ஆல்பம், 1970 பிப்ரவரி 14 லீட்ஸ் யுனிவர்சிட்டி சாப்பாட்டு ஹால்ல வாசிச்சது, கவர் வெறும் பழுப்பு அட்டைல முத்திரை குத்துன மாதிரி திருட்டு ரெக்கார்டு கணக்கா இருக்கும் ஆனா அது வேணும்னே பண்ண டிசைன். மொத்தமே 6 பாட்டு, மை ஜெனரேஷன் மட்டும் கிட்டத்தட்ட கால் மணி நேரம், டிரம்ஸ்ல கீத் மூன் சும்மா பொளந்து கட்டிருப்பாரு!! ஃபோக் கேட்டா மட்டும் வேஸ்ட், அமெரிக்க ஃபோக் பாடகி ஜோன் பயஸ் இருக்கான்னு கேட்டதுக்கு டிஸ்கோ குரூப் போனி எம்-ஐ நீட்டுறாரு கடைக்கார அண்ணன். விலையும் ஆளைப் பார்த்துதான். போட்டுக் காட்ட பிளேயர் கிடையாது, ட்யூப்லைட்டுக்கு நேரா சாய்ச்சு கீறல் பார்த்துட்டு அப்புறம் பேரம் பேசுங்க.