புதுக் கட்டிட இல்லமோ பழைய நாச்சார் வீட்டு இல்லமோ: ராத்திரிக் கணக்குப் பாத்துத்தான் எடுத்தம்

அம்மாவை முதியோர் இல்லத்தில விடுறது சரியோ பிழையோ எண்ட கதைக்கு நான் வரேல்லை, அதை எங்கட சொந்தக்காரர் ஏற்கனவே வடிவாக் கதைச்சு முடிச்சிட்டினம். விடுறதெண்டு முடிவான பிறகு எதில விடுறது எண்டதுதான் இது. கடைசியா எங்களுக்கு மிஞ்சினது ரெண்டு இடம். ஒண்டு யாழ்ப்பாண டவுனுக்குக் கிட்ட, மெயின் ரோட்டில, புதுசாக் கட்டின மாடிக் கட்டிடம், டைல்ஸ், ஏசி அறை, லிஃப்ட், எல்லா மூலையிலயும் கமரா. மற்றது வலிகாமப் பக்கம் ஒரு ஒழுங்கைக்குள்ள, நடுவில முற்றம் வச்ச பழைய நாச்சார் வீட்டைத் திருத்தி நடத்துற சின்ன இடம். நாங்கள் ரெண்டாவதைத்தான் எடுத்தம், அதால என்ர கதை அந்தப் பக்கம் சாயும், தெரிஞ்சுகொண்டே வாசியுங்கோ.

கைதடி அரச இல்லத்தைப் பற்றியும் கேப்பியள். அது பாக்க ஆளில்லாதவைக்கு வேண்டிய இடம், மூண்டு பிள்ளையள் உழைக்க அங்க ஒரு கட்டிலை நாங்கள் பிடிக்கிறது சரியாப் படேல்லை. வீட்டில ஆள் வச்சுப் பாக்கிறதும் யோசிச்சம், ஆனா ஒரு ஆளை வச்சா அந்தப் பிள்ளையும் நித்திரை கொள்ளத்தானே வேணும், ரெண்டு பேர் வச்சா இல்லத்துக் காசை விடக் கூடப் போகுது, அதில ஒராள் ஊருக்குப் போயிட்டு வராட்டி திரும்பவும் தலையிடி.

சாப்பாடு, துப்பரவு, கிளினிக் கூட்டிக்கொண்டு போறது எல்லாம் ரெண்டு இடத்திலயும் கிட்டத்தட்ட ஒண்டுதான். பதிவும் அப்பிடித்தான். 2000ஆம் ஆண்டு 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில இல்லங்களைப் பதியிறதுக்கு ஏற்பாடு இருக்கு, ரெண்டு பேரும் சேட்டிபிக்கட்டை பிரேம் போட்டுத் தொங்க விட்டிருக்கினம். சந்தேகமெண்டா பிரதேச செயலகத்தில முதியோர் விசயம் பாக்கிற உத்தியோகத்தரிட்ட விசாரியுங்கோ, பதிவில்லாட்டி படலையோட திரும்பி வாங்கோ. ஆனா பதிவு இருக்கெண்டதுக்காக ராத்திரி ஒரு மணிக்கு அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்க ஆள் வந்திடாது.

அண்ணா லண்டனில. அங்க சீகியூசி எண்ட அமைப்பு இல்லங்களைப் போய்ப் பரிசோதிச்சு நாலு தரத்தில ஒண்டு குடுக்கும், ரிப்போட்டை ஆரும் நெட்டில எடுத்து வாசிக்கலாம். அதைப் பாத்துப் பழகின மனுசனுக்கு புது இடத்தின்ர வீடியோவைக் கண்டதும் பிடிச்சுப் போச்சு. தங்கச்சி ஆள் வேற, அவ கனடாவில நேர்சிங் ஹோமில பிஎஸ்டபிள்யூ, அதாவது ஆக்களைக் கிட்ட நிண்டு பராமரிக்கிற வேலை செய்யிறா. அவ இருக்கிற ஒன்ராறியோவில அப்பிடியான இல்லத்தில இருபத்திநாலு மணித்தியாலமும் பதிவு பெற்ற நேர்ஸ் ஒராள் டியூட்டியில நிக்கோணும் எண்டு சட்டமே இருக்கு. அவ ஒண்டுதான் கேட்டா, "அக்கா, கட்டிடத்தை விடுங்கோ, ராத்திரி எத்தினை பேர் நிக்கினம், முழிச்சிருக்கினமோ படுக்கினமோ?"

இதை நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லோணும். அம்மாவுக்கு பாரிசவாதம் வந்து வலப்பக்கம் இழுத்துப் போட்டுது, தானாத் திரும்பிப் படுக்கேலாது. அப்பிடியான ஆளை ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா பக்கம் மாத்தோணும் எண்டுதான் வழமையாச் சொல்லுவினம், இல்லாட்டி இடுப்புக்குக் கீழ, குதிக்கால்ல படுக்கைப்புண் வந்திடும், வந்தா மாறுறது லேசில்லை. ராத்திரி ஒம்பதுக்குப் படுக்க வச்சா பதினொண்டு, ஒண்டு, மூண்டு, விடிய அஞ்சு எண்டு ஆரோ எழும்பி வரோணும், ஒரு நாளில்லை, ஒவ்வொரு நாளும்.

புது இடத்தில பகலில யூனிபோமோட கன பிள்ளையள் ஓடித் திரியினம், பாக்க நல்ல வடிவு. ராத்திரிக்கு ரெண்டு மாடிக்கும் சேத்து ஒராள், கேற்றில ஒரு செக்கியூரிட்டி. அது காணுமோ எண்டு கேட்டா "கமரா இருக்குத்தானே" எண்டினம். கமரா அம்மாவைத் திருப்புமோ? பழைய இடத்தில கட்டில்கள் குறைவு, ராத்திரிக்கு ரெண்டு பேர், ஒராள் படுக்க மற்ற ஆள் முழிச்சிருக்கும், சாமத்தில மாறுவினம். சுவரில ஒரு சீஆர் கொப்பி, மட்டை போட்ட பெரிய கொப்பி, தொங்குது, எந்தப் பக்கம் திருப்பினது எண்டு இடப்பக்கம், வலப்பக்கம், நேர எண்டு நேரம் போட்டு எழுதி கையெழுத்து.

அந்தக் கொப்பியை எந்த இடத்திலயும் கேட்டு வாங்கிப் பாருங்கோ. முழுப் பக்கமும் ஒரே பேனை, ஒரே சாய்வு, ஒரு வெட்டும் இல்லையெண்டா காலமை இருந்து ஒரேயடியா நிரப்பினது. உண்மைக் கொப்பியில மை மாறும், எழுத்து கோணலா இருக்கும், சில நாள் விடுபட்டும் இருக்கும். அதோட தங்கச்சி ஒரு வேலை செய்தா, அவவுக்குப் பின்னேரம் நாலு மணியெண்டா கோடை காலத்தில இங்க சாமம் ஒண்டரை, அந்த நேரம் பாத்து ரெண்டு இடத்துக்கும் போன் அடிச்சா. ஒரு இடத்தில அடிச்சு அடிச்சுக் கட்டாப் போச்சு. மற்ற இடத்தில எடுத்த பிள்ளை ஏசாமப் பதில் சொன்னதாம், நித்திரைக் குரலும் இல்லையாம். ஒரு ராத்திரியை வச்சு முழுசாச் சொல்லேலாதுதான், ஆனா எனக்கு அது போதும்.

புண்ணைப் பாக்கிறதெண்டா அமத்திப் பாத்தும் சிவப்பு மறையாட்டித் துடக்கம் எண்டு சொல்லுவினம், எங்கட நிறத்துக்குச் சிவப்பு தெரியாது, அந்த இடம் சுத்தியிருக்கிற தோலை விடக் கறுத்து, சூடா, கல்லு மாதிரி இருக்கலாம், கையை வச்சுத்தான் பாக்கோணும். கையுறைக்குள்ள தண்ணி விட்டுக் குதிக்காலுக்கு வைக்கிறதும், வளைய மெத்தையில இருத்துறதும் இப்ப வேண்டாம் எண்டுதான் சொல்லினம். அப்பிடி வச்சிருக்கிற இடமெண்டா ஏனெண்டு கேளுங்கோ.

விழுறதும் கூட ராத்திரிப் பிரச்சினைதான். 65 வயசுக்கு மேல 28 இல இருந்து 35 வீதம் பேர் வருசத்தில ஒருக்காவது விழுகினம் எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நித்திரைக் குளிசை போட்ட ஆள் சாமத்தில பாத்ரூமுக்கு எழும்பினா தண்ணி பட்ட டைல்ஸ் போதும். இதில பழைய வீடும் சுத்தமில்லை, முற்றத்துக்கு இறங்கிற படி ஒண்டு இருக்கு, மாரி மழைக்கு விறாந்தை நனையும், கைபிடிக் கம்பி பூட்டியிருக்கினம் எண்டாலும் எனக்கு அது இன்னும் பயம்தான். கமரா விழுந்த பிறகு விழுந்ததைக் காட்டும், அவ்வளவுதான். அந்தக் கமராவை வீட்டுக்காரர் போனிலயும் பாக்கலாம், ஆனா மற்ற ஆக்களின்ர அம்மாமார் அரைகுறை உடுப்போட கட்டில்ல கிடக்கிறதை நான் ஏன் என்ர போனில பாக்கோணும்?

புது இடம் வெல்லுற இடமும் இருக்கு. 2022இல கரண்ட் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் போன காலத்தை மறந்திருக்கமாட்டியள், படுக்கைப்புண் வராம இருக்கப் போடுற காத்து மெத்தை மோட்டரில ஓடுறது, கரண்ட் இல்லாட்டி இறங்கிப் போகும். புது இடத்தில பெரிய ஜெனரேட்டர் நிக்குது, எங்கட இடத்தில சின்ன இன்வேட்டர்தான். 1990 எண்ட நம்பருக்கு அடிச்சா வாற அம்புலன்ஸ் 2018இல இருந்து இங்க ஓடுது, காசில்லை, ஆனா ஒழுங்கைக்குள்ள திரும்பி வரோணுமே. புது இடத்தில இருந்து பெரியாஸ்பத்திரி கிட்ட. ஒக்சிசன் தேவைப்படுற ஆள், இதய வருத்தக்காரர் எண்டா நான் யோசிக்காம அங்கதான் விட்டிருப்பன்.

மறதி வந்து வெளிக்கிட்டுப் போற ஆக்களுக்கு எது நல்லதெண்டு என்னால சொல்லேலாது, அம்மாவுக்கு நினைவு நல்லாத் தெளிவு, படலையைத் திறந்து போற கால் இல்லை. ஆம்பிளையளின்ர பக்கத்தையும் நான் வடிவாப் பாக்கேல்லை.

காசு விசயத்தில ஒண்டு. புது இடம் சொன்ன மாதக் காசுக்குள்ள பம்பர்ஸ், பிசியோ, கிளினிக்குக்குப் போற ஓட்டோ ஒண்டும் இல்லை, எல்லாம் சேத்தாப் பிறகுதான் உண்மைக் கணக்குத் தெரிஞ்சது. எங்கட இடத்தில பம்பர்ஸ் மட்டும் நாங்கள் வாங்கிக் குடுக்கிறம். அட்வான்ஸ் காசு, இடையில கூட்டிக்கொண்டு போனா எவ்வளவு திரும்பக் கிடைக்கும் எண்டதை எழுத்தில வாங்குங்கோ, வாயால சொன்னதை மாதம் முடிய ஒருத்தரும் ஞாபகம் வச்சிருக்கமாட்டினம்.