செப்டெம்பர் நீலக்கல் மோதிரம்: ஓராண்டு அணிந்த பிறகு

மகளின் 18ஆவது பிறந்தநாளுக்காகச் சென்ற ஆண்டு ஆடி விடுமுறையில் கொழும்பு சென்றிருந்தபோது, செட்டியார் தெருவில் உள்ள ஒரு பட்டறையில் நீலக்கல் மோதிரம் ஒன்றைச் செய்வித்தோம். ரொறன்ரோவின் இலையுதிர் காலம், பனிக்காலம், கோடை எல்லாவற்றிலும் அவள் அதைத் தினமும் அணிந்துவிட்டாள் என்பதால், கல்லைப் பற்றியும் வேலைப்பாட்டைப் பற்றியும் இப்போது உறுதியாகச் சொல்ல முடிகிறது.

செப்டெம்பரில் பிறந்தவர்களுக்கு நீலக்கல் என்பது நம் வழக்கமன்று. 1912ஆம் ஆண்டில் அமெரிக்க நகை வணிகர்கள் கன்சாஸ் சிற்றியில் கூடி வகுத்த பிறந்த மாதக் கற்களின் பட்டியலையே சிற்சில மாற்றங்களுடன் இன்று பலரும் பின்பற்றுகிறார்கள். நம் வீடுகளில் ராசியையும் கிரகத்தையும் பார்த்தே கல் அணிவார்கள். நீலம் சனிக்கு உரியது என்பதால் அதைத் தொடவே பலர் அஞ்சுவார்கள். வெள்ளவத்தையில் இருக்கும் என் அம்மாவும், "நீலம் எல்லாருக்கும் ஒத்துவராது பிள்ளை. மூன்று இரவு தலையணைக்குக் கீழே வைத்துப் படுக்கட்டும், பிறகு பார்ப்போம்" என்றார். மகள் அப்படியே செய்தாள். நல்ல நித்திரை வந்தது என்று நான்காம் நாள் காலை அம்மம்மாவிடம் அவளே சொன்ன பிறகுதான் கல் பத்தரின் கைக்குப் போனது. கல்லைத் தனியாக வாங்கி வைத்திருந்ததால்தான் இதற்கு இடமிருந்தது. அம்மாவின் மனம் நிறைந்தது எனக்குப் பெரிய ஆறுதல்.

பட்டறைக்காரர் இரத்தினபுரிக் கற்கள் இரண்டை எடுத்து வைத்தார். கடை விளக்கின் கீழ் கருநீலக் கல்தான் கண்ணைப் பறித்தது. இரண்டையும் வாசலுக்குக் கொண்டுபோய், மேகம் மூடிய வெளிச்சத்தில் மகளின் விரல் மேல் வைத்துப் பார்த்தபோது, கருநீலம் மை போல இருண்டது. சற்று வெளிறியதாகத் தோன்றிய 1.3 கரட் கல் தன் நீலத்தை விடவேயில்லை. ஒக்டோபர் மாதத்து ரொறன்ரோ மாலை எவ்வளவு சாம்பல் நிறமானது என்பதை அறிந்த எவரும் இரண்டாவதைத்தான் எடுப்பார்கள். அந்தக் கல்லைப் பக்கவாட்டில் திருப்பினால் பாதி நிறமற்றுக் கண்ணாடி போல இருக்கும். நீலம் முழுவதும் அடிமுனையில் திரண்டிருக்கும். ஆனால் மேலிருந்து பார்க்கும்போது அந்த ஒரு துளி நீலம் கல் முழுவதும் பரவித் தெரிகிறது. இலங்கையில் இரத்தினக்கல் வெட்டித் தீட்டுபவர்கள் அடிப்பகுதியைத் தடிப்பாக விடுவதற்கு எடையைக் காப்பது மட்டுமன்றி இதுவும் காரணம். அதனால் மோதிரம் விரலில் சற்று உயர்ந்து நிற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். செய்தித்தாளின் மேல் கல்லைக் கவிழ்க்காமல் வைத்து நடுவில் எழுத்துத் தெளிவாகத் தெரிகிறதா என்றும் பார்த்தோம். தெரிந்தால் ஒளி திரும்பி வராமல் கீழே கசிகிறது என்று பொருள்.

எனக்கு மனக்குறை தந்தது பற்றுச்சீட்டு. அதில் "நீலக்கல்" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். நிறம் மேம்படச் சூடேற்றிய கல்லா என்று நாங்கள் கேட்கும்வரை எவரும் வாய் திறக்கவில்லை. தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையில் கொடுத்துப் பரிசோதித்தபோது, இயற்கைக் கல்தான், ஆனால் சூடேற்றப்பட்டது என்று தெரிந்தது. சந்தையில் உள்ள நீலக்கற்களில் பெரும்பாலானவை சூடேற்றப்பட்டவையே. அந்த நிறம் நிலையானது, அதில் குற்றமில்லை. ஆனால் சூடேற்றாத கல்லுக்கு விலை பல மடங்கு கூடும் என்பதால், வாங்குபவர் கேட்காமலே அதை எழுதித் தருவது விற்பவரின் கடமை. எழுதித் தராத இடத்தில் பணம் கொடுக்க வேண்டாம்.

கல்லை நான்கு தங்க நகங்களால் பிடித்தால் ஒளி நிறைய வரும் என்று பத்தர் வற்புறுத்தினார். நாங்கள் கல்லைச் சுற்றி முழு விளிம்பையும் தங்கத்தால் அணைக்கும்படி கேட்டோம். குளிர் நாட்டில் கம்பளிச் சட்டையையும் கையுறையையும் நாளுக்குப் பத்து முறை போட்டுக் கழற்ற வேண்டும். நகமுள்ள மோதிரம் ஒவ்வொரு முறையும் நூலை இழுக்கும், நாளடைவில் நகமும் நிமிரும். விளிம்பு கட்டிய மோதிரத்தில் ஓராண்டாக ஒரு நூல்கூடச் சிக்கவில்லை. தங்கத்தில் மெல்லிய கீறல்கள் விழுந்திருக்கின்றன, ஆனால் கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவையில் 9 கடினமுள்ள இந்தக் கல்லில் ஒன்றுமில்லை. கைக்குப் பூசும் கிறீம் கல்லின் அடியில் படிந்து மங்கச் செய்யும்போது, வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து, குழந்தைகளின் மென்மையான பல்துலக்கியால் தேய்த்தால் பழைய ஒளி திரும்பிவிடுகிறது.

அளவில்தான் தவறினோம். கொழும்பு வெக்கையில், நண்பகலில், விரல் சற்றுப் புடைத்திருந்த நேரத்தில் அளவெடுத்தார்கள். ஒக்டோபர் நடுவில் பேருந்து நிறுத்தத்தில் மகள் கையுறையைக் கழற்றியபோது மோதிரமும் சேர்ந்து வந்துவிட்டது. கையுறையின் விரலுக்குள் அது தங்கியது எங்கள் நல்ல காலம். பட்டறைக்குத் தொலைபேசியில் சொன்னபோது, அடுத்த முறை வரும்போது கொண்டுவாருங்கள் என்றார்கள். அதுவரை காத்திருக்க முடியாமல், இங்கேயே ஒரு பத்தரிடம் உட்புறத்தில் இரண்டு சிறு தங்க மணிகளை ஒட்டுவித்தோம். இப்போது குளிரிலும் நழுவுவதில்லை, கோடையிலும் இறுக்குவதில்லை. குளிர் நாட்டில் அணியப்போகும் மோதிரத்துக்கு, காலைக் குளிர்ச்சியில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் அளவெடுக்கச் சொல்லுங்கள்.

கல்லுக்காகவும் கைவேலைக்காகவும் அதே பட்டறைக்கு மீண்டும் போவேன், பற்றுச்சீட்டின் வாசகத்தை முன்கூட்டியே பேசிக்கொண்டு. ஆனால் ஒக்டோபரில் பிறந்த என் அண்ணன் மகளுக்கு மோதிரம் செய்விக்கப் போவதில்லை. அவளுக்குரிய ஒபல் கல்லின் கடினம் 5.5 முதல் 6.5 வரைதான், காற்றில் உள்ள மணல் தூசியே அதைக் கீறிவிடும். தன்னுள் நீரை அடக்கிய கல் என்பதால், வெப்பமூட்டி வைத்த வீட்டின் வறண்ட காற்றில் வெடிக்கவும் கூடும். அவளுக்குக் காதில் அணியும் சிறு தோடு ஒன்றைத்தான் யோசித்து வைத்திருக்கிறேன்.