வலிகாமம் வடக்கில் வழி தேடுதல்: தாள் வரைபடமும் செய்மதி வழிகாட்டியும்

இலண்டனிலிருந்து யாழ்ப்பாண மாவட்டத்தின் வலிகாமம் வடக்குப் பகுதியிலுள்ள ஊருக்குப் போய்ப் பழைய காணியைத் தேட இருப்பவர்களுக்கு உதவும் என்பதால், இம்முறை கண்டறிந்ததைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பெரிய வீதிகளில் கைத்தொலைபேசி வழிகாட்டியைக் குறைசொல்ல இடமில்லை. காங்கேசன்துறை வீதியில் தெல்லிப்பழைச் சந்தி, மாவிட்டபுரம், அங்கிருந்து கீரிமலை என்று அது பிசகாமல் கூட்டிச் சென்றது. செயலி மூலம் ஓட்டோ பிடிப்பதும் யாழ்ப்பாணத்தில் இப்போது இலகு. ஒழுங்கைகளுக்குள் இறங்கிய பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது.

1990 இல் மக்கள் இடம்பெயர்ந்த பின் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாகிப்போன இப்பகுதி, 2009 க்குப் பிறகும் துண்டு துண்டாகவே விடுவிக்கப்பட்டு வருகிறது. அதற்குள் பல ஒழுங்கைகள் பற்றைக்குள் மறைந்துவிட்டன, வீடுகளும் மதில்களும் தரைமட்டமாகிவிட்டன. வானம் திறந்து கிடக்கும் அந்த நிலத்தில், நாம் நிற்கும் இடத்தைச் செய்மதி சில மீற்றர் வித்தியாசத்துக்குள் சரியாகவே சொல்கிறது. குறை இருப்பது திரையில் விரிந்திருக்கும் படத்தில். படத்தில் பாதை நேராகப் போகிறது, கண்முன்னே முட்கம்பி வேலி நிற்கிறது.

அங்கேதான் நில அளவைத் திணைக்களத்தின் பழைய தாள் வரைபடம் கைகொடுத்தது. 1800 இல் தொடங்கப்பட்ட அத்திணைக்களத்தின் பழைய வரிசையில் ஒரு மைல் ஓர் அங்குலமாகச் சுருக்கப்பட்டிருக்கும். போருக்கு முந்திய கோயில்களும் குளங்களும் ரயில் பாதையும் அதில் உண்டு. காங்கேசன்துறை வரையான ரயில் சேவை 2015 இல் மீண்டும் தொடங்கியதால், இரண்டு படங்களுக்கும் பொதுவான கோடாக அந்தப் பாதையை வைத்துக்கொள்ளலாம். மாமா தாளை வாகனத்தின் முன்மூடியில் விரித்து, தண்டவாளத்திலிருந்து கோயில் குறிவரை அடிமட்டத்தால் அளந்தார். அரை அங்குலம், அதாவது அரை மைல். தொலைபேசியில் எண்ணூறு மீற்றரைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். பற்றை நடுவே கோயிலின் கிணற்றுக்கட்டு தெரிந்தது. தாளோ தொலைபேசியோ தனியாக இருந்திருந்தால் அந்த இடத்தைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் காணியின் எல்லையை இரண்டுமே காட்டா. காணி உறுதிப் பத்திரத்தில் கிழக்கே இன்னாரின் காணி, தெற்கே ஒழுங்கை என்றுதான் எழுதியிருக்கும்; ஆகவே உறுதியோடு சேர்ந்த நில அளவைப் படத்தையும், அயலில் வாழ்ந்த வயதானவர் ஒருவரையும் கட்டாயம் கூட்டிச் செல்லுங்கள். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்குமிடத்தில், எந்தப் படம் எதைக் காட்டினாலும் வீதியை விட்டு இறங்கக் கூடாது.

புறப்படுமுன் அப்பகுதியின் படத்தைத் தொலைபேசியில் இறக்கி வைத்துக்கொண்டால், இணையம் இல்லாத இடத்திலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். இடம் தெரிந்ததும் அங்கேயே குறித்து உறவினர்களுக்கு அனுப்பிவிடுங்கள். எவரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் விடுபட்ட ஒழுங்கையையும் சேர்த்துவிட்டால், அடுத்து வரும் அயலவருக்கும் அது வழிகாட்டும்.