பிடிஎஃப், சொந்தத் தளம், பிஹான்ஸ்: பெங்களூரில் வேலை தேடும் டிசைனருக்கு எது கைகொடுக்கும்?

அல்சூர் ஏரிக்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதுரையிலிருந்து வேலை தேடி வந்திருந்த தம்பி ஒருவர் கைபேசியை என் பக்கம் நீட்டினார். "நாற்பது இடங்களுக்கு அனுப்பிவிட்டேன் அண்ணா, ஒருவரும் கூப்பிடவில்லை." அது அவருடைய பிஹான்ஸ் பக்கம். டிசைனர்கள் தங்கள் வேலைகளைத் தொகுத்துக் காட்டும் போர்ட்ஃபோலியோவை வைக்கும் இணையதளம் அது. லோகோ, கல்யாணப் பத்திரிகை, கல்லூரி விழாச் சுவரொட்டி, செயலித் திரைகள் என முப்பதுக்கும் மேல். கைவேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கோரமங்கலாவிலோ பெல்லந்தூரிலோ ஆளெடுக்கிறவர் இதில் எதைத் திறப்பார்? நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். முதல் சுற்றில் ஒரு விண்ணப்பத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் கிடைத்தால் அதிகம்.

2012இல் அடோபி வாங்கிய பிஹான்ஸில் செலவில்லாமல் ஒரே மாலைக்குள் பக்கத்தைத் தயார் செய்துவிடலாம். ஓவியம், பேக்கேஜிங், பிராண்டிங் செய்கிறவர்களை வாடிக்கையாளர் தேடி வரும் இடமும் அதுதான். செயலி வடிவமைப்பு வேலைக்கோ அது கடைவீதி. உங்கள் சரக்குக்குப் பக்கத்திலேயே அடுத்தவர் சரக்கும் கண்ணைப் பறிக்கும். டிரிபிள் என்ற இன்னொரு டிசைனர் தளத்தில் அழகான ஒற்றைப் படம் தெரியும். ஏன் அப்படி வரைந்தீர்கள் என்பது தெரியாது.

சொந்தத் தளத்தில் வரிசை உங்கள் கையில். ரகசிய ஒப்பந்தத்துக்கு உட்பட்ட வேலைகளைக் கடவுச்சொல் போட்டுக் காக்கலாம். தளம் கட்ட உதவும் ஃப்ரேமர், வெப்ஃப்ளோ இரண்டிலும் இலவசமாகத் தொடங்கலாம். சொந்த முகவரி வேண்டுமென்றால் கட்டணம் உண்டு. இணையதள வடிவமைப்பு வேலைக்குப் போகிறவருக்குத் தளமே ஒரு சான்று, அவர் செலவைப் பார்க்க வேண்டாம். மற்றவர்கள் முகப்பு அசைவுகளைச் செதுக்குவதிலேயே மாதக்கணக்கில் மூழ்கிவிடுகிறார்கள். விண்ணப்பம் மட்டும் போகாது.

நான் சாய்வது பிடிஎஃப் பக்கம். நிறுவனத்துக்கு ஏற்றபடி பக்கங்களை மாற்றி அடுக்கலாம். நேர்காணல் அறையில் இணையம் படுத்தாலும் உங்கள் மடிக்கணினியில் திறக்கும். பார்ப்பவர் முதல் பக்கத்திலிருந்துதான் தொடங்கியாக வேண்டும்.

அதற்கும் தொல்லைகள் உண்டு. ஜிமெயிலில் 25 எம்பியைத் தாண்டினால் கோப்பு கூகுள் டிரைவ் லிங்காகத்தான் போகும். நானே ஒருமுறை அப்படி அனுப்பி, பார்க்கும் அனுமதியைத் திறந்துவிட மறந்துபோனேன். அனுமதி கேட்டு வந்த மின்னஞ்சலை நான் பார்த்தபோது நான்கு நாள் கடந்திருந்தது. அந்த இடத்தில் வேறொருவர் சேர்ந்துவிட்டார். பல நிறுவனங்களின் படிவங்கள் லிங்க்தான் கேட்கும் என்பதால், இதை யாரும் தவிர்க்க முடியாது. "லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்" என்று மாற்றிவிட்டு, உங்கள் கணக்கில் நுழையாத வேறொரு கைபேசியில் திறந்து பாருங்கள்.

தமிழில் வேலை செய்தவர்களுக்கு இன்னொன்று. பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில், இந்திய மொழி எழுத்துகளைச் சரியாக அடுக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால் தமிழ் எழுத்துகள் சிதறிப்போகும். 'பெங்களூரு' என்று அடித்தால் ஒற்றைக்கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். தமிழ் தெரியாத மேலாளர் அதைக் கவனிக்கமாட்டார். குழுவில் ஒரு தமிழர் இருந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

வடிவம் எதுவானாலும் உள்ளே மூன்று வேலைகள் போதும். ஒவ்வொன்றிலும் சிக்கல் என்ன, குழுவில் உங்கள் பங்கு எவ்வளவு, முதலில் எது தோற்றது, பிறகு எதை மாற்றினீர்கள் என்பது இருக்க வேண்டும். அந்தத் தம்பி, மதுரை மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் எந்தப் பேருந்து எந்த நடைமேடையில் நிற்கிறது என்று காட்டும் செயலி ஒன்றை வடிவமைத்திருந்தார். பிஹான்ஸ் பக்கத்தில் இருந்தவை பளபளக்கும் பன்னிரண்டு திரைகள் மட்டுமே. துருவிக் கேட்டபோது கைபேசியில் ஒரு புகைப்படத்தைத் தேடி எடுத்தார். பேருந்து டிக்கெட்டின் பின்பக்கம் பென்சிலில் கிறுக்கிய முதல் வரைபடம். வழி கேட்ட ஒரு பாட்டிக்கு எழுத்து படிக்க வராது என்று தெரிந்ததும், ஊர்ப் பெயரை விட்டுவிட்டு நடைமேடை எண்ணைப் பெரிதாக்கி வரைந்திருக்கிறார்.

"இதைப் போய் எப்படிப் போடுவது அண்ணா, கிறுக்கலாக இருக்கிறதே?" என்றார்.

இப்போது அவருடைய பதினான்கு பக்கப் பிடிஎஃப்பில் இரண்டாம் பக்கம் முழுக்க அந்த டிக்கெட்தான். பிஹான்ஸ் முகவரி கடைசிப் பக்கத்தில் ஒரு வரியாக இருக்கிறது.